வைக்கோல் கட்டா, மண்சுவரா, மட் பிளாக்கா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இயற்கை வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

வேலை ஓசூரிலோ பெங்களூரிலோ. பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு ஏக்கரோ ஒன்றரை ஏக்கரோ வாங்கிப் போட்டாயிற்று. சிமென்ட் பெட்டிக்குள் இனி குடியிருக்கப் போவதில்லை என்பதும் முடிவாகிவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு வீடியோவில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஒரே வாரத்தில் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். இன்னொன்றில் மண்ணைக் காலால் மிதித்து, வளைத்து வளைத்து வீடு செய்கிறார்கள். 'காப்' என்று ஆங்கிலப் பெயர் சொல்லிக் காட்டும் அந்தச் சுவர், நம் தாத்தா வீட்டு மண்சுவரின் பங்காளிதான். இதற்கு நடுவில் ஊர்க் கொத்தனார் வந்து, "மெஷின்ல அழுத்துன மண்கல்லு இருக்குதுங்க, அதுல கட்டிடலாம்" என்கிறார். அதுதான் மட் பிளாக். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும் மாதங்களில் இடத்திலேயே தங்க முடிந்தவர்களுக்கு மண்சுவர். வாரம் ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்க முடிந்தவர்களுக்கு மட் பிளாக். வைக்கோல் கட்டு ஒருசில இடங்களுக்கும் ஒருசில அறைகளுக்கும் மட்டும். இந்த வரிசையை ஏற்காதவர்களும் இடம் பற்றிய பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் இயற்கை வீட்டைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் வீடு நிற்கும் இடம்தான்.

## எதை வைத்து எடை போடுவது

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வந்து எந்தப் பக்கம் போகும்? பொருள் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்? யார் கட்டுவார்கள், நீங்கள் கூட நிற்பீர்களா? மழைக்கு முன் சுவர் காய்ந்து கூரை ஏறிவிடுமா? கரையானும் எலியும் என்ன செய்யும்? பங்குனி வெயிலில் உள்ளே எப்படி இருக்கும்? வங்கியும் பஞ்சாயத்தும் கேட்கும் காகிதத்துக்குப் பதில் உண்டா?

அழகை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்றிலும் அழகான வீடும் கட்டலாம், அசிங்கமான வீடும் கட்டலாம்.

சதுர அடி விலையையும் சேர்க்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டின் மொத்தச் செலவில் சுவரின் பங்கு பொதுவாக ஐந்தில் ஒன்றைத் தாண்டாது. கூரை, கதவு ஜன்னல், தரை, பைப், ஒயரிங், கக்கூஸ் எல்லாம் எந்தச் சுவருக்கும் ஒன்றுதான். 'மண் வீடு பாதி விலையில் முடியும்' என்று சொல்பவர் இவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்திருப்பார், அல்லது தன் சொந்த உழைப்புக்குக் கூலி போடாமல் விட்டிருப்பார்.

## முதலில் இடம்

'நம்ம மாவட்டம் வறண்ட மாவட்டம், மழைக்கு என்ன பயம்' என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அரூரில் 33. இந்த மாவட்டங்களில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே சராசரியாக 85, 90 சென்டிமீட்டர்தான். ஊத்தங்கரை பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வண்டிகளை ஏரித் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். மண்சுவரானாலும் வைக்கோல் சுவரானாலும், இரண்டடி தண்ணீர் ஒரு ராத்திரி நின்றால் போதும், கதை முடிந்துவிடும். மேலிருந்து விழும் மழையைத் தாங்க வழி இருக்கிறது. கீழே தேங்கும் தண்ணீருக்குத் தப்பிக்க ஒரே வழி, அங்கே கட்டாமல் இருப்பது.

ஆகவே வரைபடம் போடுவதற்கு முன் புலப்படத்தை (நிலத்தின் சர்வே வரைபடத்தை) வாங்கிப் பாருங்கள். நிலத்தின் ஓரமாகவோ குறுக்காகவோ ஓடை காட்டியிருந்தால், இன்று அது வெறும் முள்காடாக இருந்தாலும் ஓடைதான். மேலே உள்ள ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று ஊர்ப் பெரியவர் யாரையாவது கேளுங்கள், காகிதத்தில் இல்லாதது அவர்களிடம் இருக்கும். சரிவான நிலமென்றால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடம் நல்லது. உச்சியில் ஆடிக் காற்று ஓட்டைத் தூக்கும், அடியில் தண்ணீர் சேரும். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை வாய்க்கால் பாயும் நிலமாக இருந்தால் வருடத்தில் பாதி நாள் அடிமண் ஈரமாகவே இருக்கும். அங்கே கடக்காலின் (அஸ்திவாரத்தின்) உயரத்தைக் கூட்டாமல் எந்த மண் வேலையையும் தொடங்கக் கூடாது.

அடுத்து அடிமண். இரண்டு மாவட்டங்களிலும் பெரும்பாலும் செம்மண்தான் என்றாலும் நடுநடுவே கரிசல் திட்டுகள் உண்டு. கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். சுவர் எதுவானாலும் அந்த அசைவு அதைப் பிளந்துவிடும். மூன்றடி ஆழத்துக்கு இரண்டு மூன்று குழிகள் வெட்டிப் பார்ப்பது அரை நாள் வேலை. எந்தச் சுவருக்கு உங்கள் மண் ஆகும் என்பதும் அதே குழியில் தெரிந்துவிடும்.

தளி, ஜவளகிரி, அஞ்செட்டி, ஊரிகம் பக்கம் நிலம் வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும் காவேரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை. யானைகள் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்த வழியாக நடந்துகொண்டிருக்கின்றன. கேழ்வரகு அறுவடை நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டமாக வரும். மூட்டை அடுக்கிய அறையையும் உப்பு வைத்த அடுப்படியையும் மோப்பம் பிடித்துச் சுவரைத் தள்ளும். ஒற்றைச் செங்கல் சுவரும் அதற்கு நிற்காது என்பதால், 'மண் வீடு என்பதால் இடித்தது' என்று சொல்வது நியாயமில்லை. ஆனாலும் காட்டோரம் கட்டுபவர் தானியத்தை வீட்டுக்குள் வைக்காத மாதிரி வரைபடம் போட வேண்டும். யானை நடக்கும் வழியை வனத்துறைக் காவலர் சொல்லுவார். அந்த வழியில் வீட்டை வைக்கக் கூடாது.

கிருஷ்ணகிரி பக்கம் கல்குவாரியும் கிரஷரும் அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது விதி. வெடிச்சத்தமும் தூசியும் அதற்கு அப்பாலிருந்தும் வரத்தான் செய்யும்.

கல் இருப்பதில் லாபமும் உண்டு. கடக்காலுக்குக் கருங்கல் நம் ஊரில் மாதிரி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மூன்றில் எந்தச் சுவரானாலும் தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டடி கருங்கல் கட்டு. அதற்கு மேல் சுவர். கூரை சுவரைத் தாண்டி இரண்டரை மூன்றடி வெளியே நீள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். சித்திரை, வைகாசி கோடை மழையோ எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது, காற்றும் ஆலங்கட்டியும் சேர்ந்தே வரும். சாய்ந்தர வெயில் மேற்குச் சுவரைக் காய்ச்சும். நான்கு பக்கமும் தாழ்வாரம் வைத்தால் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில். பணம் போதாவிட்டால் கிழக்கிலும் மேற்கிலும் முதலில் வையுங்கள்.

## ஒரு கணக்கு வீடு

ஒப்பிட வசதியாக, வெளி அளவு இருபதுக்கு முப்பது அடி, சுவர் உயரம் எட்டடி என்று ஒரு சின்ன வீட்டை வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 சதுர அடி.

வைக்கோல் கட்டைப் படுக்க வைத்து அடுக்கி இரண்டு பக்கமும் பூசினால் சுவர் சுமார் 20 அங்குலம் வரும். உள்ளே மிஞ்சுவது ஏறத்தாழ 445 சதுர அடி. ஒன்றரை அடி மண்சுவரில் 459. ஒன்பது அங்குல மட் பிளாக் சுவரில் 527. ஆக, சுவரின் தடிமன் மட்டுமே ஒரு குளியலறையையும் சின்ன அடுப்படியையும் விழுங்கிவிடும். அதே உள்ளளவு வேண்டுமென்றால் கடக்காலும் கூரையும் பெரிதாகும், செலவு ஏறும் இடம் அதுதான். தடித்த சுவரின் மறைமுகச் செலவில் முதலாவது இது. விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

## வைக்கோல் கட்டுச் சுவர்

இந்த முறை பிறந்தது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மணல்மேட்டுப் பகுதியில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டு கட்டும் இயந்திரம் அங்கே வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் மரம் கிடையாது, கல் கிடையாது, சுவர் வைக்கும்படியான களிமண்ணும் கிடையாது. புல் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கையில் இருந்ததைக் கொண்டு கட்டினார்கள். ஆர்தர் என்ற ஊரில் 1928-ல் அப்படிக் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது.

தருமபுரியில் நிலைமை நேர் எதிர். கல் இருக்கிறது, மண் இருக்கிறது. இல்லாதது வைக்கோல்தான். நம் கணக்கு வீட்டுக்குக் கதவு ஜன்னல் போக சுமார் 200 கட்டுகள் வேண்டும். மூன்றரை, நான்கு டன் வைக்கோல். அது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நெல் வயலின் வைக்கோல், இரண்டு கறவை மாடுகளுக்கு ஒரு வருடத் தீனி. பால் மாட்டை நம்பி வாழும் ஊரில், கோடையில் வைக்கோல் விலை ஏறும் நேரத்தில், வண்டி வண்டியாக வாங்கிச் சுவரில் அடைப்பவரை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை கட்டின் வடிவம். நம் பக்கம் டிராக்டரில் வரும் பேலர் (வைக்கோல் கட்டும் இயந்திரம்) பெரும்பாலும் உருளை ரோலாகத்தான் கட்டும். சுவருக்கு வேண்டியது இரண்டு கயிறு போட்டு இறுக்கிய நீள்சதுரக் கட்டு. உருளையைப் பிரித்துக் கையால் பெட்டியில் அழுத்திக் கட்டலாம்தான். அதில் வேண்டிய இறுக்கம் வராது, தளர்ந்த கட்டு பூச்சு போட்ட பிறகும் உட்காரும்.

மூன்றாவது ஈரம். வைக்கோலின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். தை, மாசி அறுவடை வைக்கோல் இதற்குச் சரி. புரட்டாசி, ஐப்பசியில் அறுத்தது வேண்டவே வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து சுவரில் ஏறும் நாள் வரை பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் மூடி வைக்க ஒரு கொட்டகையும் வேண்டும். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் மற்றத் தாள்களைவிட மெதுவாகவே மக்கும், அது ஒரு ஆறுதல். கரையானுக்கும் எலிக்கும் பதில் பூச்சுதான்: உள்ளும் வெளியும் ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் மண்ணோ சுண்ணாம்போ பூசிவிட வேண்டும். எலி புகுந்தால் பின்னாலேயே பாம்பும் வரும்.

தீயைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பூசி முடித்த வைக்கோல் சுவரில் காற்று புகாது, அதனால் எளிதில் பற்றாது. அமெரிக்கச் சோதனைகளில் மண் பூசிய சுவர் ஒரு மணி நேரமும் சிமென்ட் கலவை பூசியது இரண்டு மணி நேரமும் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆபத்து கட்டும் காலத்தில்தான். உதிர்ந்த வைக்கோல் முழங்கால் உயரம் கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும்.

நல்ல பக்கமும் இருக்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் வைக்கோல் கட்டு மண்சுவரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கருங்கல் கம்பம் நட்டு, கூரையை முதலில் போட்டுவிட்டு, நிழலில் நின்று சுவர் அடுக்கலாம். வேலி கட்டவே கல்கம்பம் நடும் ஊர் இது, அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சுவர் அடுக்குவது சில நாள் வேலை. பூச்சுதான் நாளை இழுக்கும், மேடுபள்ளமான பரப்பு கலவையைக் குடித்துக்கொண்டே இருக்கும். அலமாரி, ஃபேன் பாக்ஸ், சுவிட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் மரக்கட்டையை முன்கூட்டியே உள்ளே வைத்தாக வேண்டும். தண்ணீர் பைப்பை இந்தச் சுவருக்குள் விடவே கூடாது.

யாருக்கு இது சரி: தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப்பகுதியில், மார்கழிக் குளிர் உறைக்கும் இடத்தில் கட்டுபவருக்கு. சொந்த நெல் வயலும் நீள்சதுர பேலரும் கிடைப்பவருக்கு. ஏ.சி. போட்டே தீர வேண்டிய ஒரு அறைக்கு. மற்றவர்கள் வீடியோவைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## மண்சுவர்

களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், தண்ணீர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், நம்மைவிட மழை நாட்கள் அதிகமான ஊரில், இந்தச் சுவரில் கட்டிய வீடுகள் நானூறு ஐந்நூறு வருடங்களாகக் குடியிருப்பில் இருக்கின்றன. அங்கேயும் ரகசியம் கல் கடக்காலும் நீண்ட கூரையும்தான். நம் ஊர்ப் பழைய மண் வீடுகள் விழுந்ததைக் கவனித்தால் அநேகமாக ஒரே கதைதான் தெரியும்: ஓடு உடைந்து மாற்றாமல் விட்டது, அல்லது தெருவை மேடாக்கிச் சாலை போட்டதில் தண்ணீர் சுவரடிக்கு வந்தது.

மேல்மண்ணை ஒரு அடி ஒதுக்கிவிட்டு அடியில் உள்ள மண்ணை எடுங்கள். நீளமான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் முதலில் அடியில் படியும், அதற்கு மேல் வண்டல், கடைசியாகக் களி. களி 15 முதல் 25 சதவீதம் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு சோதனை: பிசைந்த மண்ணை உருண்டை பிடித்து மார்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். சிதறினால் களி போதாது. சப்பையாக அப்பிக்கொண்டால் தண்ணீரோ களியோ அதிகம். ஒன்றிரண்டு கீறலோடு உருண்டையாகவே உட்கார்ந்தால் சுவர் வைக்கலாம்.

தருமபுரிச் செம்மண் பல இடங்களில் சரளை கலந்து, களி குறைவாக இருக்கும். ஏரி வண்டல் சேர்த்தால் சரியாகும். அதை அள்ள வருவாய்த்துறை அனுமதி வேண்டும், ராத்திரி டிராக்டரில் அள்ளும் வேலை வேண்டாம். மணல் குறைந்தால் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) போதும். அதன் முனைகள் கூராக இருப்பதால் மண்ணோடு நன்றாகவே பிடிக்கும்.

நம் கணக்கு வீட்டுக்குச் சுவராக நிற்கும் மண் சுமார் ஆயிரம் கன அடி. எடை ஏறத்தாழ 48 டன். தளர்மண்ணாக 13, 14 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) வெட்ட வேண்டும். வைக்கோல் ஒரு டன்கூடத் தேவைப்படாது, மாடு ஒதுக்கித் தள்ளிய தண்டே போதும், அழுகல் மட்டும் இருக்கக் கூடாது. கலவைக்கு மட்டுமே பத்தாயிரம் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் போகும். பங்குனியில் போர் வற்றும் ஊரில் இதை முன்னாலேயே யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வேண்டாம், சுவர் பொரிந்து உதிரும். தருமபுரித் தண்ணீரில் ஃப்ளூரைடு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சுவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது நம் பல்லையும் எலும்பையும் காப்பாற்ற.

வேலை மெதுவானது. ஒரு சுற்றுக்கு ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. அது இறுகும்வரை மேலே போக முடியாது, நல்ல வெயிலில் நாலைந்து நாள், மேகமூட்டத்தில் ஒரு வாரத்துக்கும் மேல். எட்டடிக்கு ஆறேழு சுற்று. மிதிப்பதற்கு ஆள் போதாவிட்டால் குழியில் தண்ணீர் கட்டி டிராக்டரை ஓட்டலாம், தார்ப்பாயில் போட்டுப் புரட்டுவதைவிட வேகம். சுவர் வைக்கத் தெரிந்த கைகள் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன, ஆனால் எல்லாம் வயதான கைகள். அவர்களை மேற்பார்வைக்கு வைத்து, மிதிக்கவும் தூக்கவும் இளவட்டங்களைச் சேர்ப்பதுதான் நடைமுறையில் ஓடுகிற ஏற்பாடு. கொத்தனாரிடம் முழுக் கான்ட்ராக்ட் விட்டால் மூன்றாவது சுற்றிலேயே 'கொஞ்சம் சிமென்ட் போட்டுக்கலாமுங்களா' என்று தொடங்குவார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். பூச்சிலும் வேண்டாம். இந்தச் சுவர் மூச்சு விடுகிற ரகம், ஈரம் உள்ளே போய்த் திரும்பி வந்துகொண்டே இருக்கும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைக்கும். ஈரம் உள்ளே தங்கி, நாலைந்து மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், அதோடு மண்ணும் வரும். வெளியே சுண்ணாம்பும் மணலும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசுவது பழைய முறை, இன்றும் அதுவே நல்ல முறை. உள்ளே மண்பூச்சு போதும்.

வெயிலில் இது எப்படி? ஒன்றரை அடி மண்சுவர் பகல் சூட்டை உள்வாங்கி, உள்ளே விடுவதற்குள் இரவாகிவிடும். இரவு ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்தச் சூடு வெளியேறும். பகலும் இரவும் நன்றாக வேறுபடும் தருமபுரி, பென்னாகரம் பக்கத்துக்கு இது பொருத்தமான குணம். ஆனால் மேல்மாடி இல்லாத வீட்டில் சூடு முக்கியமாகக் கூரை வழியாகத்தான் இறங்குகிறது. மேலே வெறும் தகர ஷீட் போட்டுவிட்டு 'மண்சுவர் வைத்தும் வேகுதே' என்று சுவரைத் திட்டக் கூடாது. ஓடும் அதற்குக் கீழே ஒரு உள்கூரைத் தட்டும் போட்டால்தான் சுவரின் குணமே தெரியும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் நாள்தான் முதலில். இரண்டு மாதம் ஆட்களுக்குக் கூலி, சாப்பாடு, டீ. நீங்கள் லீவு போட்டு நின்றால் அந்தச் சம்பளம். அடுத்தது பராமரிப்பு: வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும்போது கீறல் பார்த்து அடைக்க வேண்டும். பூட்டிப் போட்டுவிட்டு மூன்று வருடம் வெளிநாடு போகிறவருக்கு இது ஏற்ற வீடு அல்ல. கடக்காலில் கரையான் புற்றுக்கோடு ஏறுகிறதா என்று பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

யாருக்கு இது சரி: தை முதல் வைகாசி வரை இடத்திலேயே தங்க முடிந்தவருக்கு, நிலத்திலேயே நல்ல மண் உள்ளவருக்கு, கட்டிய வீட்டில் தானே குடியிருப்பவருக்கு.

## மட் பிளாக்

மண்ணில் 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல் செய்யும் கல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' மையமும் பிறகு ஆரோவில் மண் கட்டடக் கழகமும் இதை வளர்த்தெடுத்தன. ஓசூருக்கு அப்பால் எல்லை தாண்டினால் இதில் கட்டிப் பழகிய மேஸ்திரிகள் கிடைப்பது அதனால்தான்.

மண்சுவருக்கு ஆகாது என்று ஒதுக்கிய மணல் கலந்த செம்மண் இதற்கு நன்றாக ஆகும். பாட்டில் சோதனையில் களி குறைவாக வந்தால் வருத்தப்படாமல் இந்தப் பக்கம் வாருங்கள். இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நிலத்திலேயே கல் போடுவது நல்லது. ஏற்றுக்கூலி மிச்சம், தோண்டிய குழியை மழைநீர்த் தொட்டியாக்கலாம். போட்ட கல்லை நான்கு வாரம் நிழலில் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தால் இது மட்டும் நடக்காது.

கடையில் 'இன்டர்லாக் மண்கல்' என்று விற்பதில் சில, கிரஷர் தூளும் சாம்பலும் சிமென்டும்தான். மண்ணே இருக்காது. உடைத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு கல்லை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால் அந்த லோடு வேண்டாம்.

சுவர் மெல்லியது என்பதால் வெயில் மண்சுவரைவிடச் சீக்கிரம் உள்ளே வரும். மழை, எலி, கரையான் மூன்றிலும் மற்ற இரண்டையும்விட நிம்மதி. வளைவு நெளிவு கிடைக்காது.

யாருக்கு இது சரி: வார இறுதியில் மட்டும் வர முடிந்தவருக்கு, வங்கிக் கடன் வாங்குபவருக்கு, பிறகு மாடி எடுக்க நினைப்பவருக்கு, வாடகைக்கு விடப் போகிறவருக்கு.

## ஒரு பார்வையில்

| | வைக்கோல் கட்டு | மண்சுவர் | மட் பிளாக் |
|---|---|---|---|
| சுவர் தடிமன் | சுமார் 20 அங்குலம் | 18 அங்குலம், அடியில் கூடுதல் | 9 அங்குலம் |
| 600 ச.அடியில் உள்ளே மிஞ்சுவது | 445 | 459 | 527 |
| உள்ளூரில் பொருள் | மாட்டோடு போட்டி | காலடியில் | மண் உண்டு, இயந்திரம் வாடகை |
| சுவர் எழும் வேகம் | வேகம், பூச்சு மெதுவு | மிக மெதுவு | சாதாரணம், கல் ஆற 4 வாரம் |
| ஆள் | பழகியவர் அரிது | வயதானவர்களிடம் உண்டு | எந்தக் கொத்தனாரும் |
| பெரிய எதிரி | ஈரம், எலி | தேங்கும் தண்ணீர், சிமென்ட் பூச்சு | போலிக் கல், ஆறாத கல் |
| வங்கி, மதிப்பீடு | கடினம் | இழுபறி | எளிது |

## ஒரே வீட்டில் இரண்டு

கட்டாயம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: கருங்கல் கடக்கால், குளியலறைக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் மட் பிளாக், மீதி வீடு மண்சுவர். பைப் எல்லாம் மட் பிளாக் பக்கமே போய்விடும். மண்சுவர் காயும்போது கொஞ்சம் இறங்கும் என்பதால், இரண்டும் சேரும் இடத்தில் காடி விட்டு, முழுதும் காய்ந்த பிறகு அடைக்க வேண்டும். வைக்கோல் கட்டு ஆசை விடவில்லை என்றால், தாழ்வாரத்துக்கு உள்ளே மழையே படாத ஒரு சுவரில் வைத்துப் பாருங்கள்.

## பட்டா, அனுமதி, கடன்

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கிராமப் பஞ்சாயத்துக்கும் பொருந்தும். விதிப்படி கட்டுவதாகத் தானே உறுதி தந்து அனுமதி வாங்கும், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை 2,500 சதுர அடி வரை மனையும் 3,500 சதுர அடி வரை கட்டடமும் உள்ளவர்களுக்கானது, ஏக்கர் நிலத்தில் கட்டுபவர் அதை அப்படியே நம்ப முடியாது. பட்டாவில் நஞ்சை என்று இருந்தால் நடைமுறை நீளும். மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட கிராமமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டுப் பொறியாளரிடம் காட்ட, மட் பிளாக்குக்கு ஐ.எஸ். 1725 என்ற தர எண் இருக்கிறது. மண் கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 13827 உண்டு, மண்சுவர்க்காரர் அதை அச்செடுத்துக் கையில் வைத்திருக்கலாம். வைக்கோல் கட்டுக்கு அப்படிக் காட்ட இந்திய எண் இல்லை. அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பின் 2015 பதிப்பில் வைக்கோல் கட்டுக்கும் 2021 பதிப்பில் காப் சுவருக்கும் தனி இணைப்பு உண்டு, ஆனால் காரிமங்கலம் கிளை மேலாளர் அதைப் பார்த்துக் கடன் தருவார் என்று நான் நினைக்கவில்லை. அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டுபவர்கள் அந்தத் திட்டத்தின் அளவையும் கான்கிரீட் கூரையையும் விட்டு விலக முடியாது.

## எப்போது தொடங்குவது

மார்கழிக்குள் கருங்கல் கடக்கால் முடிய வேண்டும். தையில் மண் வெட்டி ஊறப்போடுவது, புது வைக்கோல் வாங்குவது. தை கடைசியில் முதல் சுற்று வைத்தால் பங்குனி நடுவில் சுவர் நிற்கும், சித்திரைக் காற்று மழைக்கு முன் கூரை ஏறிவிடும். கல்கம்பம் நட்டுக் கூரையை முதலில் போட்டவர்களுக்கு இந்தப் பதற்றம் இல்லை. மண்சுவரில் வெளிப்பக்கச் சுண்ணாம்பைக் கொளுத்தும் வெயிலில் பூசக் கூடாது, சுவர் முழுதும் காய்ந்த பிறகு ஆனி, ஆடி மூடாக்கு நாட்களில் பூசினால் கீறல் விழாது. மட் பிளாக்குக்கு இந்த அளவு கெடுபிடி இல்லை, கல் மட்டும் மழைக்கு முன் ஆறியிருக்க வேண்டும்.

இந்தத் தையில் முடியாது என்பவர்கள் ஐப்பசி மழையில் ஒருநாள் குடையோடு போய் நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கல் நட்டு வையுங்கள். மழை விட்டதும் சோதனைக் குழியில் வந்த மண்ணை வைத்தே போர் மோட்டாருக்கு எட்டுக்கு எட்டில் ஒரு அறை கட்டலாம். உங்கள் மண் எவ்வளவு கீறும், ஆட்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு உயரம் வைப்பார்கள், கூலி எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் அந்த அறையிலேயே தெரிந்துவிடும்.